84 கிலோவுக்குப் போட்ட கணக்கு

கடந்த ஆண்டு ஆடி மாதம் தொடங்கி நான்கு வாரங்கள் என் எடை 71 கிலோவை விட்டு நகரவில்லை. ஒரு நாள் 70.8 காட்டும், மறுநாள் 71.3 காட்டும், வாரச் சராசரி எடுத்துப் பார்த்தால் மறுபடியும் அதே 71. அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களில் 84 கிலோவிலிருந்து 13 கிலோ குறைந்திருந்தது. அந்த ஒன்பது மாதங்களும் நாளொன்றுக்கு 1475 கலோரி என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அந்த எண் மாறவில்லை. காலையில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடக்கும் நான்கு கிலோமீட்டர் மாறவில்லை. உண்பதையெல்லாம் எழுதி வைக்கும் பழக்கமும் விட்டுப்போகவில்லை. ஒன்பது மாதம் நடந்த கணக்கு பத்தாவது மாதத்தில் ஏன் நடக்கவில்லை என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நான் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை பார்ப்பவள். கூட்டிப் பார்த்து நேராகாத ஒரு தொகை மேசையில் கிடந்தால், அது தீரும்வரை எனக்கு வேறு எதிலும் மனம் செல்லாது.

1475 என்ற எண் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.3 என்று வந்த அன்று, மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து, உடலின் ஓய்வுநிலைச் செலவைக் கணிக்கும், 1990இல் வெளியான மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எடையை 10ஆல் பெருக்கி, உயரத்தைச் சென்டிமீட்டரில் 6.25ஆல் பெருக்கி இரண்டையும் கூட்ட வேண்டும். வயதை 5ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பெண் என்றால் மேலும் 161 கழிக்க வேண்டும். 84 கிலோ, 158 சென்டிமீட்டர், 46 வயது என்று போட்டால், நாள் முழுவதும் படுத்தே கிடந்தாலும் என் உடல் செலவழிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 1437 கலோரி என்று வந்தது. கொஞ்சம் நடமாட்டம் உள்ளவர்களுக்கான 1.375ஆல் அதைப் பெருக்கினால் 1975. அதில் 500 குறைத்தால் 1475. ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. ஒரு பவுண்டுக்கு 3500 என்று மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் 1958இல் எழுதியதன் மெட்ரிக் வடிவம் அது. நாளுக்கு 500 என்றால் வாரத்துக்கு 3500, அதாவது வாரத்துக்கு 450 கிராமுக்குச் சற்று மேல். ஒரு வரைபடத் தாளில் 84இலிருந்து கீழ்நோக்கி ஒரு நேர்கோடு போட்டு அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். அந்தக் கோட்டின்படி ஒன்பதாவது மாத முடிவில் நான் 67 கிலோவுக்கும் கீழே போயிருக்க வேண்டும். 71இல் இருந்தேன். நான்கு கிலோ பின்தங்கிவிட்டோமே என்று வருந்தினேனே தவிர, கோட்டையே சந்தேகிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எண் தவறானதன்று. அது 84 கிலோ எடையுள்ள ஒருத்திக்குப் போட்டுக் கொடுத்த எண். அந்த ஒருத்தி இப்போது இல்லை என்பதைத்தான் நான் கவனிக்கவில்லை. இதே சூத்திரத்தில் 71 கிலோவையும் 47 வயதையும் போட்டால் 1302 வருகிறது, 1.375ஆல் பெருக்கினால் 1790. ஒன்பது மாதங்களில் என் ஒரு நாள் செலவு 185 கலோரி குறைந்துவிட்டது. வரவை மாற்றாமல் வைத்திருந்ததால் 500 ஆக இருந்த பற்றாக்குறை 315 ஆகச் சுருங்கிவிட்டது. மைதானத்தைச் சுற்றிய அதே நான்கு கிலோமீட்டருக்கும், 13 கிலோ குறைவாகச் சுமக்கும் உடல் குறைவாகத்தான் செலவழிக்கும். எடை குறையக் குறையக் கோடு வளைந்து படுக்கத்தான் செய்யும். அதை நேராக வரைந்ததுதான் என் பிழை. அலுவலகத்தில் ஒவ்வொரு ஆண்டும் தொடக்கத்தில் போட்ட மதிப்பீட்டை நடுவில் திருத்த மதிப்பீடாக மாற்றி அனுப்புகிறவள், என் உடலுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று ஒன்பது மாதம் நினைக்கவே இல்லை.

ஆனாலும் இந்தக் கணக்கு முழுமையானதில்லை. 315 பற்றாக்குறை இருந்தால் வாரத்துக்கு 280 கிராமாவது குறைய வேண்டும். நான்கு வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல். ஒரு கிராம்கூடக் குறையவில்லை. எங்கேயோ இன்னொரு ஓட்டை இருந்தது. அதைத் தேடாமல், நான் அவசரப்பட்டு வேறொன்றைச் செய்தேன்.

தண்டனை போல வந்த எண்

கலோரிக் கணக்கு வைக்கும் கைப்பேசிச் செயலியில் என் சுயவிவரப் பக்கத்தில் இன்னும் 84 கிலோ என்றே இருந்தது. தினமும் எடையைப் பதிவு செய்துவந்தாலும் இலக்கை நானே 1475 என்று பூட்டி வைத்திருந்தேன். ஐந்தாவது வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூட்டை எடுத்து, 71 என்று மாற்றி, வாரத்துக்கு அரைக் கிலோ குறைய வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்த நொடியே திரையில் 1240 என்று வந்தது. ஒரே தட்டலில் 235 கலோரி போய்விட்டது. காலையில் மூன்று இட்லியும் சாம்பாரும், மதியம் அளந்த சோறும் இரண்டு காய்களும் கொஞ்சம் மீனும், இரவில் இரண்டு தோசை என்று ஓர் ஒழுங்குக்கு ஒன்பது மாதத்தில் பழகியிருந்தேன். அந்த ஒழுங்கிலிருந்து ஒரு வேளையின் பாதியை எடுத்துவிடு என்று அந்த எண் சொன்னது. இவ்வளவு நாள் சொன்னபடி நடந்ததற்குக் கிடைத்தது இதுவா என்று மனம் மிகவும் கசந்தது. எடையைக் குறைத்தவருக்குப் பரிசாக மேலும் குறைந்த சோறு என்பதில் ஏதோ ஓர் அநியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது.

இருந்தும் மூன்று வாரம் 1240இல் இருந்தேன். அந்த மூன்று வாரங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆடிக் காற்று முடிந்த வெயிலிலும் அலுவலக மின்விசிறிக்குக் கீழே உட்கார முடியாமல் குளிர்ந்தது. மாடியிலுள்ள பிரிவுக்குக் கோப்பை எடுத்துக்கொண்டு நானே ஏறிப் போவது வழக்கம். அந்த வாரங்களில் ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் பேசி முடித்துக்கொண்டேன். அப்படிச் செய்கிறேன் என்பதே பின்னால் யோசித்தபோதுதான் புரிந்தது. வீட்டில் பேசிய ஒவ்வொரு சொல்லிலும் எரிச்சல் இருந்தது. எடை 1.2 கிலோ இறங்கியது. மூன்றாவது வாரத்தின் கடைசி இரவில் முறுக்கு டப்பாவைத் திறந்தவள், அது பாதியாகும்வரை மூடவில்லை. அதன் பிறகு வந்த பத்து நாட்களில் அந்த 1.2 கிலோவும் திரும்பிவிட்டது. பெண்கள் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் 1200க்குக் கீழே போகக் கூடாது என்று ஊட்டச்சத்து ஆலோசகர்கள் பொதுவாகச் சொல்வார்கள். 1240 அந்த எல்லைக்கு மேலேதான் இருந்தது. ஆனால் படுத்துக் கிடந்தாலே 1302 செலவாகும் என் உடலுக்கு அது எந்த இடைவெளியையும் விட்டு வைக்கவில்லை.

அந்த நாட்களில் 1944–45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வைப் பற்றிப் படித்தேன். 36 இளைஞர்கள் ஆறு மாதம் அரைப்பட்டினியில் இருந்தார்கள்; எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள்; குளிர் தாங்க முடியாமலும், எதிலும் நாட்டமில்லாமலும், சோற்றைத் தவிர வேறு நினைப்பில்லாமலும் போனார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது அவர்களுக்குக் கொடுத்த உணவின் அளவு. நாளுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1600 கலோரி. அதாவது என் இலக்கைவிட அதிகம். அதற்கு முன் ஏறத்தாழ 3200 கலோரியில் வாழ்ந்த, நாள்தோறும் நெடுந்தூரம் நடந்த அந்த உடல்களுக்கு 1600 பஞ்சமாக இருந்தது. நம்முடைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரையிலோ, உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு நாள் தேவையே 1660 கலோரிதான். அதுவும் 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை அளவுகோலாக வைத்துச் சொன்னது. 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் ஒரு சிறிய ஆய்வகமாகத் தொடங்கிப் பின்னர் ஹைதராபாத்துக்குப் போன நிறுவனம் அது. அவர்களுடைய 1660, மினசோட்டாவின் 1600, என்னுடைய 1475 மூன்றையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த எண்ணும் தனியாக நின்று எதையும் சொல்வதில்லை. யாருடைய உடலுக்கு, எந்த நாளில் என்பதோடு சேர்த்தால்தான் அதற்குப் பொருள்.

அம்மாவின் ஆழாக்கு

ஆவணி கடைசியில் அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து எங்களோடு இரண்டு வாரம் இருந்தாள். மகன் இரண்டு ஆண்டுகளாகச் சென்னையில் வேலையில் இருக்கிறான். மகளையும் ஆடி மாதத் தொடக்கத்தில்தான் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்திருந்தோம். வந்த மறுநாள் காலையில் அம்மா அடுக்களை வாசலில் நின்று நான் அரிசி அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பித்தளை ஆழாக்கால் நான்கு முறை அளந்து போட்டேன். "ஏட்டி, பிள்ளைய ரெண்டும் வெளியூருக்குப் போயாச்சு. நீ என்னத்துக்கு இன்னும் நாலு பேருக்கு அரிசி போடுத?" என்றாள். உண்மையில் மகன் போன பிறகு ஒருமுறை குறைத்து, மகளுடைய தோழிகள் வருவார்கள் போவார்கள் என்று பழையபடி நான்குக்கே திரும்பியிருந்தேன். மகள் போன பிறகு கை தானாகவே நான்கு அளந்துகொண்டிருந்தது. மிஞ்சுவதில் தண்ணீர் ஊற்றி வைப்பேன். காலையில் அதைக் கொட்ட மனமில்லாமல், மோர் விட்டு, இரண்டு சின்ன வெங்காயத்தோடு, அடுப்படியில் நின்றபடியே ஒரு கிண்ணம் குடித்துவிட்டுக் குளிக்கப் போவேன். அதை நான் குறிப்பேட்டில் ஒருநாளும் எழுதியதில்லை. தட்டு வைத்து உட்கார்ந்து உண்டதுதான் சாப்பாடு என்று என் கை நினைத்திருந்தது போலும்.

அன்று மாலை அம்மா தன் கதையைச் சொன்னாள். அப்பா இறந்த பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் இரண்டு பேருக்கே உலை வைத்தாளாம். குறைத்தால் அவர் இல்லை என்று தானே ஒப்புக்கொண்டது போலாகும் என்று கை வரவில்லையாம். பிறகு ஒருநாள் குறைத்தாள். ஆனால் பாதியாகக் குறைக்கவில்லை. இரண்டு ஆழாக்கை ஒன்றே முக்கால் ஆக்கி எட்டு நாள் பார்த்தாள். பானையில் மிஞ்சியது. ஒன்றரை ஆக்கி மறுபடியும் எட்டு நாள். அப்போதும் மிஞ்சியது. ஒன்றே காலில் வந்து நின்றாள். அதற்குக் கீழே போனால் இரவுக்குப் போதவில்லை என்று கண்டுகொண்டாள். ஓர் ஆள் போனால் சரிபாதி போய்விடும் என்பது கணக்கு. ஆனால் பானை அப்படிச் சொல்லாது, பானையைப் பார்த்துத்தான் குறைக்க வேண்டும் என்றாள். அம்மாவுக்கு என் கலோரிக் கணக்கு பற்றி எதுவும் தெரியாது. அவள் அரிசியைப் பற்றித்தான் பேசினாள். எனக்கோ இரண்டு மாதமாக நேராகாத கணக்கு கண் முன்னால் நேரானது. நான் செய்த இரண்டு பிழைகளும் அவள் சொன்னதில் இருந்தன. ஆள் போன பிறகும் அளவை மாற்றாமல் ஒன்பது மாதம் இருந்தது ஒன்று. மாற்றியபோது பானையைப் பார்க்காமல் ஒரே நாளில் 235ஐ வெட்டியது இன்னொன்று.

பத்து நாள் தராசில் நிறுத்தது

மறுநாளிலிருந்து பத்து நாட்கள் இலக்கு எதையும் வைத்துக்கொள்ளவில்லை. வழக்கமாக உண்பதை உண்டு, வாயில் போடும் எல்லாவற்றையும் மின்னணுத் தராசில் நிறுத்து எழுதினேன். தொடக்க மாதங்களில் இப்படித்தான் செய்தேன். ஆறாவது மாதத்துக்குப் பிறகு கண்ணளவே போதும் என்று விட்டுவிட்டிருந்தேன். எங்கள் ஆழாக்கில் தலைதட்டி அளந்தால் அரிசி 145 கிராம் வருகிறது. பச்சரிசியோ புழுங்கலோ நூறு கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி என்பதால் ஓர் ஆழாக்கு 500 கலோரிக்குச் சற்று மேல். இட்லிப் பொடிக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் என்று நான் எழுதிவந்தது, நிறுத்தபோது இரண்டுக்கும் மேலாக இருந்தது. எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி என்பதால் கண் ஏமாந்தால் மிக அதிகமாக ஏமாறும் இடம் அதுதான். பழைய சோறு நாளுக்கு 120இலிருந்து 140 கலோரி. பத்து நாள் சராசரி 1690 வந்தது. 1475 என்று நான் நம்பியிருந்த வாரங்களில் என் உண்மையான வரவு அதுதான். இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்று சொன்ன பத்துப் பேரை அளந்து பார்த்த ஓர் ஆய்வு 1992இல் வெளியானது. அவர்கள் தாங்கள் உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்துச் சொல்லியிருந்தார்கள். அவர்களில் யாரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சூத்திரப்படி செலவு 1790, வரவு 1690. மிச்சமிருந்த 100ஐ என்னவென்று சொல்வது? எடை குறைந்த உடல், அந்த எடைக்கு உரியதைவிடவும் கொஞ்சம் குறைவாகவே செலவழிக்கத் தொடங்குகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. லீபெல், ரோசன்பாம், ஹிர்ஷ் ஆகியோர் 1995இல் வெளியிட்டது அவற்றுள் முக்கியமானது. பத்து விழுக்காடு எடையைக் குறைத்து அங்கேயே நின்றவர்களிடமும் இந்தச் சிக்கனத்தை அவர்கள் அளந்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் மிகக் கடுமையாக எடையைக் குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து அளந்தபோது, அவர்களுடைய ஓய்வுநிலைச் செலவு எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது என்று 2016இல் வந்த செய்தி பலரை அச்சுறுத்தியது; என்னையும்தான். ஆனால் அது சில மாதங்களில் மிகப் பெரிய எடையை இழந்தவர்களின் கதை. வாரத்துக்கு 300 கிராம் குறைத்த என்னைப் போன்றவர்கள் அதைத் தங்கள் மேல் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. எனக்கு நூறு கலோரிதான் காணாமல் போயிருந்தது. அதில் ஒரு பகுதி உடலின் சிக்கனமாக இருக்கலாம். இன்னொரு பகுதி நான் ஏறாமல் விட்ட மாடிப்படிகளாக இருக்கலாம்.

குறைக்கும் முறை

அதன் பிறகு சூத்திரத்தை ஒதுக்கி வைத்தேன். பத்து நாள் நிறுத்துக் கண்ட 1690இல் எடை நிலையாக நிற்கிறது என்பதையே என் அடிப்படையாக வைத்துக்கொண்டேன். அதிலிருந்து 240 குறைத்து 1450 என்று வைத்தேன். காகிதத்தில் பார்த்தால் பழைய 1475க்கும் இதற்கும் 25 கலோரிதான் வேறுபாடு. ஆனால் இது நிறுத்து எழுதுகிற 1450. பழைய சோற்றுக் கிண்ணத்தை விடவில்லை, எழுதத் தொடங்கினேன். அதற்கு ஈடாக இரவில் ஒரு தோசையைக் குறைத்தேன். பயறு, முட்டை, தயிர் ஆகியவற்றை மட்டும் குறைக்கவே கூடாது என்று முடிவு செய்தேன். ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்கு ஏறத்தாழ 13 கலோரி செலவழிக்கிறது, ஒரு கிலோ கொழுப்பு நான்கைந்துதான்; குறைகிற எடையில் தசையின் பங்கு எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பின்னால் வரும் வெட்டும் சிறியதாக இருக்கும்.

அடுத்தது, எப்போது திருத்துவது என்ற கேள்வி. செயலியை விட்டுவைத்தால் ஒவ்வொரு வாரமும் சில கலோரியைக் கழிக்கும். வாரத்துக்கு வாரம் எடை ஏறி இறங்குவது பெரும்பாலும் தண்ணீர்; ஒரு கல்யாணச் சாப்பாட்டின் உப்பு போதும், மறுநாள் ஒரு கிலோ ஏறிக் காட்ட. அதற்கெல்லாம் இலக்கை அசைப்பது அர்த்தமில்லாத வேலை. சூத்திரப்படி பார்த்தால் ஒவ்வொரு கிலோ குறையும்போதும் என் செலவு ஏறத்தாழ 14 கலோரி குறைகிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் கெவின் ஹால் குழுவினர் 2011இல் சொன்ன கணக்கு இன்னும் கொஞ்சம் கண்டிப்பானது: உணவில் நிரந்தரமாகக் குறைக்கும் ஒவ்வொரு 10 கலோரிக்கும் கடைசியில் ஒரு பவுண்டுதான் இறங்கும், அதில் பாதி இறங்குவதற்கே ஓராண்டு ஆகும், முழுவதும் இறங்க ஏறத்தாழ மூன்று ஆண்டு. கிலோவுக்கு மாற்றினால் 22 கலோரி. இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தால் நான்கு கிலோ இறங்கிய பிறகு நான் விட்டுக்கொடுக்க வேண்டியது 55 முதல் 90 கலோரி. எங்கள் வீட்டுத் தட்டில் வார்க்கும் ஓர் இட்லி ஏறத்தாழ 60 கலோரி. நான்கு கிலோவுக்கு ஓர் இட்லி, மிஞ்சினால் ஒன்றரை. அநியாயம் என்று நான் கசந்துபோன விஷயத்தின் உண்மையான அளவு இவ்வளவுதான். ஒரு தட்டலில் 235 என்று வந்ததற்குக் காரணம் உடல் மாறியது மட்டுமன்று. 84 கிலோவில் கேட்ட அதே வேகத்தை 71 கிலோவிலும் கேட்டதுதான். எண்ணைத் திருத்தும்போது வேகத்தையும் திருத்த வேண்டும் என்று அந்தத் திரையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம். என் அலுவலகத்திலேயே ஒரு பெண், 62 கிலோவில் இருந்துகொண்டு, திரையில் வந்தது என்பதற்காக 1000 கலோரியில் நாளைக் கடத்திக்கொண்டிருக்கிறாள். அவளோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். மறுவாரம் தராசு வாங்கிவிட்டதாகச் சொன்னாள்.

புரட்டாசியும் ஐப்பசியும் வாரத்துக்கு 200 கிராம் என்ற மெதுவான நடையில் போயின. இரண்டு வாரம் அசையாமல் நின்றபோதும் நான் எண்ணைத் தொடவில்லை. மூன்றாவது வாரத்தில் 700 கிராம் சேர்ந்து இறங்கியது. மார்கழிக் கடைசியில் 67 வந்தபோது முதல் திருத்தத்தைச் செய்தேன்: 1450இலிருந்து 1390. காலையில் மூன்று இட்லி இரண்டாயின. எட்டு நாள் பார்த்தேன். குளிரவில்லை, மாடிப்படி ஏற முடிந்தது, இரவில் அலமாரியைத் திறக்கவில்லை. சர்க்கரைச் சராசரி 5.8க்கு வந்திருந்தது. இந்தியர்களுக்கு உடல்நிறை குறியீடு 25ஐ எட்டினால் உடற்பருமன் என்று 2009இல் வகுத்தார்கள். என் உயரத்துக்கு அது ஏறத்தாழ 62 கிலோ. 63ஐத் தொடும்போது அடுத்த திருத்தம் குறைப்பதா, அல்லது இட்லியைத் திருப்பி வைத்து அங்கேயே நிற்பதா என்பதை அப்போது பார்த்துக்கொள்வேன். எந்தப் பக்கம் திருத்தினாலும் ஒரு நேரத்தில் ஓர் இட்லிக்கு மேல் இல்லை.

பொங்கலுக்குப் பிள்ளைகள் இருவரும் வந்திருந்தார்கள். அம்மாவும் வந்திருந்தாள். ஐந்து நாளும் இலக்கை 1600க்கு உயர்த்தி, அதையும் நிறுத்துத்தான் எழுதினேன். சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி, வடை ஒன்று, எல்லாம் அதில் இருக்கிறது. காலையில் ஐந்து ஆழாக்கு அளந்தேன். கன்னிப் பொங்கலுக்கு மறுநாள் அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்து, அடுத்த நாள் காலை உலை வைக்கும்போது இரண்டே கால் ஆழாக்கு போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.